சுங்கம் கட்டாத துடிப்பு

மேசை குறுகல்.
மின்யோ ஆற்றில் இரவுகளில் நாங்கள் தள்ளிய
படகின் அகலம்தான்.
குளிர் மட்டும் அதைவிடக் கூடுதல்.

கையுறை உறையின் முதுகில்
டாக்டர் இரியா படம் வரைந்து காட்டினார்.
மேலே இரண்டு அறை, கீழே இரண்டு,
நடுவே ஒரு சாவடி.
மேலிருந்து வரும் ஒவ்வொரு துடிப்பும்
கண்ணிமைக்கும் நேரமாவது அங்கே நின்று
பேர் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம்.
"உங்களுக்குப் பிறவியிலேயே இன்னொரு வழி இருக்கிறது,
சாவடியின் கண்ணில் படாமல்.
சாவடி வழியே இறங்கியது
அந்தக் கள்ளவழியில் மேலேறி
மறுபடி சாவடிக்கே வந்து நிற்கிறது.
வட்டம் போடுகிறது.
நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து."

சிரித்துவிட்டேன்.
செவிலி அதோசிந்தா என்னை விட்டுவிட்டு
திரையை முறைத்தாள்.

டாக்டர், எனக்கு எழுபத்திரண்டு.
பதினாறு வயதில் தொடங்கி
எல்லை திறந்த வருடம் வரை
மெல்காசுவிலிருந்து எதிர்க்கரைக்கு
காப்பிக்கொட்டை சுமந்தவன்.
முதுகில் முப்பது கிலோ.
காவலரின் விளக்கு எந்தப் பாறையில்
எப்போது திரும்பும் என்று
என் குதிகாலுக்குத் தெரியும்.
மேலே இருப்பவன் மட்டும்
வேறு யாரைப் பார்த்து வளர்ந்திருப்பான்?

வாய்விட்டுச் சொல்லவில்லை.
தொடை இடுக்கில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது.

மார்ச்சில் நீரோட்டத்தை எதிர்த்து
லாம்ப்ரே மீன்கள் ஏறுமே,
அப்படி மூன்று கம்பிகள் என் ரத்தத்தில் ஏறின.
வலியில்லை.
வீட்டுக்குள் முன்பின் தெரியாதவர்
நடமாடும் உணர்வு, அவ்வளவுதான்.

"இப்போது வேண்டுமென்றே ஓடவிடப் போகிறேன்.
பொறுத்துக்கொள்ளுங்கள், பெலர்மினோ."

சார்ஜென்ட் ரமீருவும் இப்படித்தான்.
ஆளைப் பிடிக்கமாட்டான். போகவிடுவான்.
பின்னாலேயே வந்து
பாதையைப் பிடிப்பான்.

ஓடியது.
தொண்டைக்குழி வரை ஓடியது.
செஃபரினோ மூட்டையோடு ஆற்றில் நழுவிய இரவிலும்
இப்படித்தான் ஓடியது.
பயம் என்று நினைத்திருந்தேன்
இத்தனை வருடமும்.

அன்று என்னைப் பிடித்தார்கள்.
இரண்டு நாள், ஈரக் கயிறு.
எங்கே கடக்கிறீர்கள்?
எந்தக் கல்லுக்குப் பக்கத்தில்?
ஒரு பல் போனது, பாதை போகவில்லை.

"இங்கே," என்றார் இரியா.
"இல்லை, ஒரு மில்லிமீட்டர் இடது.
இங்கே."

நெஞ்சுக்குள் யாரோ
சிகரெட்டை நசுக்கி அணைத்தார்கள்.
நான்கு விநாடி இருக்கும்.
திரையில் ஒவ்வொரு மலைக்கும் அடிவாரத்தில்
ஒரு சின்னச் சரிவு இருந்தது.
காணாமல் போயிற்று.
கண்ணாடிக்கு அப்பாலிருந்த பையன்
கட்டைவிரலை உயர்த்தினான்.

"அரைமணி காத்திருக்கலாம்.
சில பாதைகள் செத்ததுபோல் நடிக்கும்."

தெரியும், அம்மா.
நாங்களும் புதருக்குள் அப்படிக் கிடந்திருக்கிறோம்,
நாய்கள் மோந்துவிட்டுப் போகும்வரை.

இது நடிக்கவில்லை.

காலை மடக்கக் கூடாது, ஆறு மணி நேரம்.
போர்ட்டோவின் கூரைகள்மேல் மழை.
நாற்காலியில் தியோலிந்தா
வாய் திறந்தபடி தூங்குகிறாள்.
மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணுகிறேன்.
வருகிறது, நிற்கிறது, பேர் சொல்கிறது, போகிறது.
வருகிறது, நிற்கிறது.
எல்லாரும் இப்படியா இருக்கிறார்கள்,
எல்லா நேரமும்?

ஈரக் கயிற்றுக்கு வாய் திறக்காதவன்
இன்று காலை
மூன்று பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டு
ஒரு பாதையைக் காட்டிக்கொடுத்தேன்.
நல்லதற்குத்தான். ஆமாம்.
செஃபரினோ கேட்டால்
அதைத்தான் சொல்வேன்.

விடிந்ததும் தியோலிந்தா
கீழ்த்தளத்தில் இரண்டு காப்பி வாங்கி வந்தாள்.
என்னுடையதில் முக்கால்வாசி பால்.
கூடவே ரசீது.
வரியைத் தனியாக அச்சிட்டிருந்தார்கள்,
இருபது சென்ட்டோ என்னவோ.

மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்,
இடது பக்கம்.